ஆளை மாற்றும் முன்: குழு தடுமாறும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

"ஆள் சரியில்லை." கப்பலூர் தொழிற்பேட்டையிலும், கே.புதூர் பட்டறைகளிலும், இலந்தைக்குளத்துக் கணினி அலுவலகங்களிலும் ஒரு குழுவின் வேலை கெடும்போது முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். உடனே ஆளை மாற்றுவார்கள். புதிதாக வந்தவரும் சில மாதங்களில் அதே இடத்தில், அதே விதமாகத் தடுமாறுவார். உற்பத்தி மேற்பார்வையாளராக இருந்தபோதும், இப்போது மதுரையைச் சுற்றியுள்ள சிறு நிறுவனங்களுக்கு வேலை ஒழுங்கு அமைத்துக் கொடுக்கும்போதும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அதனால் இந்த வழிமுறையில் ஆள் கடைசியில் வருகிறார். வேலை கைமாறும் விதம், பேசத் துணியும் சூழல், முடிவெடுக்கும் உரிமை, அளக்கும் கோல் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் கெட்டுப்போன வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன வேலை, எந்த நாள், எந்த நேரம், யாரிடமிருந்து யாருக்குப் போகும்போது கெட்டது. காரணம் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்ந்ததும், ஒரே நேரமோ ஒரே இரண்டு மேசைகளோ மீண்டும் மீண்டும் வருவது பெரும்பாலும் கண்ணில் படும். பிறகு உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி: "நான் சொல்லிவிட்டேன்." "எனக்கு யாரும் சொல்லவில்லை."

நான் பார்த்தவரை மிகப் பரவலான கோளாறு இது. பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. ஒருவர் சொல்லியிருப்பார், இன்னொருவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் வேலை கைமாறியிருக்காது.

முதலில் ஷிப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள். ரப்பர் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் கழிவாகும் உருப்படிகள் மதியம் இரண்டு மணிக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தில் குவிந்தன. பழி முழுவதும் இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் மீது விழுந்தது. இயந்திரத்தின் அருகில் நின்று பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. முதல் ஷிப்ட்காரர்களை ஏற்றிச் செல்லும் வேன் இரண்டு மணி அடித்த கையோடு கிளம்பிவிடும். அதனால் இரண்டுக்குச் சில நிமிடங்கள் முன்பே அவர்கள் கைகழுவப் போய்விடுவார்கள். அடுத்தவர்கள் உள்ளே வருவதற்குள் இயந்திரத்தின் முன் ஆள் இருக்காது. அன்று காலையில் ஒரு மோல்டில் சரக்கு சரியாக வேகவில்லை என்று பிரஸ்ஸின் சூட்டைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதை யாரும் எழுதவில்லை. புதிதாக வந்தவர் வழக்கமான நேரக் கணக்கில் ஓட்டுவார். சரக்கு அளவுக்கு மேல் வெந்து கெட்டுப்போகும். இதில் எந்த ஆளை மாற்றினால் சரியாகும்?

வேன் கிளம்பும் நேரத்தைத் தள்ளி வைப்பதுதான் முதல் திருத்தம். இரு ஷிப்ட்காரர்களும் பத்து நிமிடமாவது ஒன்றாக நிற்க வேண்டும். அதுவும் கேன்டீனில் நிற்காமல் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி இல்லாத பத்து நிமிடம் ஒரு வாரம்கூடத் தாங்காது. தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒப்படைப்பவர் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: முடிந்தது எது, பாதியில் நிற்பது எது, வழக்கத்துக்கு மாறாக இருப்பது எது, யாருக்காவது கொடுத்த வாக்கு எது. வாங்கிக்கொள்பவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி அண்ணே" என்று தலையாட்டுவது போதாது. திருப்பிச் சொல்லும்போதுதான் "சூடு எவ்வளவு கூட்டினீர்கள்?" என்ற கேள்வி பிறக்கும்.

அலுவலகங்களில் இதே கோளாறு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. நீலக் குறி விழுந்தால் பார்த்தார் என்றுதான் பொருள். ஏற்றுக்கொண்டார் என்று பொருளில்லை. குழுவுக்கே போகும் செய்தியில் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு நேரம் மூன்றும் இருக்கட்டும். பெயருக்குரியவர் "எடுத்துக்கொண்டேன்" என்று எழுதும்வரை அந்த வேலை அனுப்பியவருடையதே என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். "அனைவரும் கவனிக்கவும்" என்று அனுப்பப்படும் வேலையை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் வேலை நழுவுகிறதா? அப்படியானால் அந்த வேலைக்கு உரியவரே இல்லாமல் இருக்கலாம். திரும்பி வந்த சரக்கு, வாடிக்கையாளரின் புகார் அழைப்பு, அச்சு இயந்திரத்துக்கு மை வாங்குவது போன்றவை இந்த வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயரை எழுதி ஒட்டுங்கள். இரண்டு பெயர் எழுதினால் பழைய நிலைதான்.

அறிகுறி: ஆட்கள் கூடினார்கள், வேகம் கூடவில்லை

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். தற்காலிகமாக ஆள் சேர்ப்பார்கள். பில் போடும் இடத்தில் வரிசை முன்னைவிட நீளும்.

இதை முதலில் அளந்தவர் மேக்ஸ் ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். கயிறு இழுக்கும் சோதனைகளில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதை அவர் கண்டார். 1913 இல் அதை வெளியிட்டார். காரணம் இரண்டு இருக்கலாம். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒன்று. கூட்டம் இருக்கிறதே என்று கை தளர்வது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க 1974 இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. இழுப்பவரின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுத்தார். ஒத்திசைவு பற்றிய சிக்கலே இல்லாத அந்த நிலையிலும் அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார். இரண்டு காரணங்களும் உண்மை. இரண்டுக்கும் மருந்து வேறு.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வருவதை நினைத்துப் பாருங்கள். தேர் நகர்வது வடம் பிடிக்கும் எண்ணற்ற கைகளால். அது மூலையில் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் கட்டை போடும் சிலரால். வடம் பிடிக்க நூறு பேர் கூடுதலாக வரலாம், கெடுதல் இல்லை. கட்டை போடும் இடத்தில் பழக்கமில்லாத பத்துப் பேர் நுழைந்தால் ஆபத்து. உங்கள் வேலையில் எது வடம், எது கட்டை என்று பிரிப்பதுதான் இங்கே செய்ய வேண்டியது.

ஜவுளிக்கடையில் துணி மடிப்பது, அடுக்குவது, பை கொடுப்பது ஆகியவை வடம் பிடிக்கும் வேலை. புதியவர்களை அங்கே விடலாம். பில் போடுவதும், அளவு மாற்றிக் கொடுப்பதும், தள்ளுபடி முடிவு செய்வதும் பழகியவர்களிடமே இருக்கட்டும். புதியவர்கள் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். மூன்று பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் தொடர்புகள் மூன்று. ஆறு பேருக்கு அது பதினைந்து. பன்னிரண்டு பேருக்கு அறுபத்தாறு. மென்பொருள் வேலை தாமதமாகும்போது ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாவது இதனால்தான்: இருப்பவர்களின் நேரம் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் கரைகிறது.

கை தளர்வதுதான் காரணம் என்றால் அறிவுரை உதவாது. ஒவ்வொருவர் செய்த பங்கும் அவர் கண்ணுக்கும் மற்றவர் கண்ணுக்கும் தெரியும்படி வேலையைப் பிரியுங்கள். "இந்த மேசையின் வேலை இன்று இவ்வளவு முடிந்தது" என்று பலகையில் எழுதினால் போதும். ஆனால் அந்தப் பலகையை வைத்து யாரையும் அவமானப்படுத்தாதீர்கள். அவமானப்பட்டவர் மறுநாள் எண்ணிக்கைக்காக மட்டும் வேலை செய்வார், தரம் போய்விடும்.

அறிகுறி: கூட்டத்தில் அமைதி, டீக்கடையில் பேச்சு

கூட்டத்தில் "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது. பத்து நிமிடம் கழித்து எதிர்க்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே "இது நடக்காது தம்பி, அந்த லாரி திங்கட்கிழமை வராது" என்று அனுபவசாலி ஒருவர் அடித்துச் சொல்வார். அவர் சொன்னதுதான் நடக்கும். அந்தத் தகவல் கூட்டத்துக்குள் வராததன் விலையை நிறுவனம் கொடுக்கும்.

என் கருத்தில் எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் மோசமானது. மற்றவை வெளியே தெரியும். இது எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும். ஹார்வர்டில் ஆய்வு செய்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில் பதிவான தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். அதிகமாக இருந்தன. அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசின என்பதே அவர் எட்டிய விளக்கம். ஆகவே "எங்கள் பிரிவில் புகாரே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், எனக்கு முதலில் அந்தப் பிரிவைத்தான் பார்க்கத் தோன்றும்.

சோதிக்கும் முறை எளிது. கடைசியாக ஒரு கெட்ட செய்தியை உங்களிடம் கொண்டுவந்தவர் யார், அதன் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். திட்டு வாங்கியிருந்தால், அதைப் பார்த்த எல்லோரும் பாடம் படித்துவிட்டார்கள்.

திருத்தங்களில் முதலாவது, பெரியவர் கடைசியில் பேச வேண்டும். முதலாளி முதலில் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டால் "ஐயா சொன்னால் சரிதான்" என்பதற்கு மேல் எதுவும் வராது. நம் ஊர்களில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பல நிறுவனங்கள் குடும்ப நிறுவனங்கள். கணக்கைப் பார்ப்பவர் முதலாளியின் மாமாவாக இருப்பார். மாமா சொன்ன கணக்கில் பிழை இருக்கிறது என்று வெளியாள் யார் வாய் திறப்பார்? அப்படிப்பட்ட இடங்களில் பேச்சுக்கு முன் எழுத்து வரட்டும். ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் "இந்தத் திட்டம் கெட்டால் எதனால் கெடும்?" என்ற கேள்விக்கு ஒரு வரி எழுதட்டும். பெயர் வேண்டாம். தாள்களை வேறொருவர் படிக்கட்டும். கேள்வி மரியாதைக் குறைவாகாமல், வேலையைப் பற்றியதாக நிற்கும்.

இரண்டாவது, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவலைத் தேடி வெளியே எடுக்க வேண்டும். கெரால்டு ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இருவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. ஒருவரிடம் மட்டும் இருந்த தகவல் மேசைக்கு வரவில்லை. அதனால் தகுதி குறைந்தவரைத் தேர்ந்தெடுத்தன. ஆகவே பொதுவாக "கேள்வி உண்டா?" என்று கேட்காதீர்கள். "அக்கா, பேக்கிங் பக்கத்தில் இதனால் என்ன சிக்கல் வரும்? உங்களுக்குத்தான் தெரியும்" என்று பெயரும் இடமும் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது சிறியது, ஆனால் வலுவானது. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது எளிது. அந்தப் பட்டியலை எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009 இல் வந்தது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பெயர் சொல்வது மட்டும் அதற்குக் காரணமில்லை. பட்டியல் முழுவதும் சேர்ந்து செய்தது. ஆனால் உங்கள் கூட்டத்தில் முதல் இரண்டு நிமிடம் கடைசி வரிசையில் இருப்பவரும் ஒரு வாக்கியம் பேசும்படி செய்துபாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. அமைதிக்குக் காரணம் பாலியல் தொல்லையோ மிரட்டலோ என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. துண்டுத்தாளால் அதைத் தீர்க்க முயல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதி. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

அறிகுறி: "அண்ணன் வரட்டும்"

பத்து ரூபாய் வாஷர் வாங்கவும் முதலாளி வர வேண்டும். அவர் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், கைபேசியை எடுக்கவில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் வந்து "நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடப்பதில்லை" என்று வருந்துகிறார்.

அவர் மேசைக்கு ஒரு வாரத்தில் வரும் முடிவுகளை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகள்: தவறானால் எவ்வளவு பணம் போகும்? மறுநாள் திருத்த முடியுமா? சிறு தொகையாகவும் திருத்தக்கூடியதாகவும் இருப்பதெல்லாம் மேற்பார்வையாளரிடம் போகட்டும். ஒரு ரூபாய் வரம்பை எழுத்தில் கொடுங்கள். வாயால் கொடுத்த அதிகாரம் முதல் தவறு நேர்ந்ததும் காணாமல் போகும்.

மதுரையிலேயே இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கண்புரை அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். பரிசோதனை, நோயாளியைத் தயார் செய்தல், கருவிகளை எடுத்துக் கொடுத்தல், ஆலோசனை எல்லாவற்றையும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண் பணியாளர்கள் செய்கிறார்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்கிறார். இதைச் சொன்னால் "அது பெரிய மருத்துவமனை" என்பார்கள். பதினொரு படுக்கையில் தொடங்கியது அது. அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்ததோடு முறையான பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பயிற்சி தராமல் "இனி நீயே பார்த்துக்கொள்" என்று விடுவது கைகழுவுவது.

அறிகுறி: விற்பனைக்கும் உற்பத்திக்கும் தினமும் சண்டை

ஆட்களின் குணத்தைத் தேடாதீர்கள். இருவரையும் எதை வைத்து அளக்கிறீர்கள் என்று பாருங்கள். விற்பனைக்கு ஆர்டரின் எண்ணிக்கை, உற்பத்திக்கு இயந்திரம் நிற்காமல் ஓடுவது என்றால் சண்டை நிச்சயம். ஒவ்வொரு சிறு ஆர்டரும் இயந்திரத்தை நிறுத்தி மோல்டு மாற்ற வைக்கும். இருவருக்கும் பொதுவாக ஓர் எண்ணைக் கொடுங்கள். சொன்ன தேதியில் ஆலை வாசலைத் தாண்டிய ஆர்டர் எத்தனை என்பது நல்ல எண். ஊக்கத்தொகையும் அதிலிருந்தே வரட்டும்.

அறிகுறி: ஒருவர் விடுப்பு எடுத்தால் எல்லாம் நிற்கிறது

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூர் போகக்கூடாது என்பார்கள். இவை எதுவும் திடீரென்று வருவதில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரம் டை செட்டிங் (இயந்திரத்தில் அச்சைப் பொருத்திச் சரிசெய்வது) தெரிந்த ஒரே ஆள் இல்லாமல் வேலை நிற்கும். விடுப்பைக் குறைப்பது தீர்வாகாது. அவரது கைத்திறன் இரண்டாவது கைக்குப் போவதுதான் தீர்வு. அவர் அருகில் நிற்க, இளையவர் செய்யட்டும். சொல்லிக் கொடுத்தால் தன் மதிப்புப் போய்விடும் என்று மூத்தவர் அஞ்சுவது இயல்பு. பயிற்றுநர் என்ற பொறுப்பும், அதற்குச் சம்பளத்தில் ஒரு தொகையும் கொடுத்தால் அந்த அச்சம் பெருமளவு குறையும்.

அறிகுறி: புதிய குழு, சில வாரங்களிலேயே உரசல்

பொறுங்கள். புரூஸ் டக்மன் 1965 இல் விவரித்தபடி, ஒன்றுகூடுதல், மோதுதல், வழக்கம் உருவாதல், செயல்படுதல் என்று குழுக்கள் கடந்து போகும் கட்டங்களில் இது இரண்டாவது. யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள். உரசல் வேலையைப் பற்றியதாக இருக்கும்வரை தலையிட வேண்டாம். குடும்பம், சாதி, ஊர் என்று பேச்சு திரும்பினால் அன்றே நிறுத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி பார்த்தாயிற்று, அந்த ஒருவரால்தான் கெடுகிறது

அப்படியும் இருக்கலாம். உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள். அந்த இடத்தில் அவருக்கு முன் இருந்தவரும் இதே புள்ளியில் தடுமாறினாரா? ஆம் என்றால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள், ஆளில் கோளாறில்லை. இவரை வேறு வேலையில் சில வாரம் வைத்தால் சரியாகச் செய்கிறாரா? ஆம் என்றால் வேலைக்கும் அவருக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்பதே பதில் என்றால் அவரிடம் பேச வேண்டும். மற்றவர் முன் பேசாதீர்கள். சம்பள நாளிலும், ஷிப்ட் முடிந்து களைத்துக் கிளம்பும் நேரத்திலும் பேசாதீர்கள். "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்பதற்கு யாரிடமும் பதில் இருக்காது. "செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு ஒப்படைப்புப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இல்லை, அதனால் நாற்பது உருப்படிகள் கழிவாயின, என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வரும். வயதில் மூத்தவராக இருந்தால் அவரை உட்காரவைத்து நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் நோய், கடன், இரவு தூக்கமின்மை போன்ற ஏதாவது ஒன்று அந்த நேரத்தில்தான் முதல்முறையாக வெளியே வரும். பிறகு எது மாற வேண்டும், எந்தத் தேதிக்குள், நீங்கள் என்ன உதவி செய்வீர்கள் என்ற மூன்றையும் இருவரும் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் தவறாமல் மறுபடி உட்காருங்கள். நீங்கள் சொன்ன உதவியைச் செய்தீர்களா என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.